பட்டியலுக்கு வெளியே நிற்கும் பாட்டு

2023 ஏப்ரல் 27ஆம் திகதி ஆம்ஸ்டர்டாமின் பெரிய விளையாட்டரங்கில் மெட்டாலிக்கா என்ற ரொக் இசைக்குழு மேடையேறியது. ஒருநாள் விட்டு 29ஆம் திகதி அதே மேடையில் மறுபடியும் வாசித்தது. முதல் இரவில் ஒலித்த ஒரு பாட்டுக்கூட இரண்டாம் இரவில் ஒலிக்கவில்லை. ஊருக்கு இரண்டு இரவு, இரண்டிலும் வேறு வேறு பாட்டு என்பதே அந்த உலகச் சுற்றுப்பயணத்துக்கு அவர்கள் வைத்துக்கொண்ட விதி. 1981இல் தொடங்கிய குழு அது. 'எண்டர் சாண்ட்மேன்' என்ற ஒரு பாட்டைக் கேட்கவே டிக்கெட் வாங்குகிறவர்கள் ஏராளம் என்று தெரிந்தும், அதை ஓர் இரவுக்கு மட்டும் ஒதுக்கத் துணிந்தார்கள்.

முதிய குழுக்களின் ரசிகர்கள் பல வருஷமாகக் கேட்டுவந்தது இதைத்தான். அறுபதைத் தாண்டிய கலைஞர்கள் ஊர் ஊராகப் போய் அதே இருபது பாட்டை அதே வரிசையில் பாடிவிட்டு இறங்குகிறார்கள். நூற்றுக்கணக்கான பாட்டு போட்டவர்கள் மீதியை ஏன் மறந்தார்கள் என்பது ரசிகர்களின் கேள்வி. இந்தக் கேள்விக்கும் இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். மாரியம்மன் கோயில் திருவிழாவில் இசைக்குழு மேடைக்கு முன்னால், பனியில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் இதே கேள்வியோடு இருப்பவர்கள்தான். அவர்களுடைய கேள்வி இன்னும் கொஞ்சம் ஆழமானது.

ரொக் உலகத்தில் பட்டியலை மாற்றி வாசிப்பதை ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆக்கியது அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட். 1965 முதல் 1995 வரை 2,300க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை அவர்கள் நடத்தினார்கள். இன்றைக்கு எந்தப் பாட்டு வரும், எந்தப் பாட்டு நீளும் என்பது கூட்டத்துக்குத் தெரியாது. அதனால் ரசிகர்கள் ஒரு ஊரில் கேட்டுவிட்டு அடுத்த ஊருக்கும் பின்தொடர்ந்தார்கள், கசெட்டில் பதிந்து ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். குழுவும் அதைத் தடுக்கவில்லை. 1984 முதல் பதிவுசெய்ய வருகிறவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது. ஒவ்வோர் இரவும் வேறாக இருந்ததால்தான் ஒவ்வோர் இரவையும் சேர்த்துவைக்க ஆள் இருந்தது.

எதிர்ப்பக்கத்துக் கதையும் உண்டு. 1971 அக்டோபர் 15ஆம் திகதி நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில் பழைய பாடகர்களை ஒன்றுகூட்டி ஒரு நிகழ்ச்சி நடந்தது. பதின்ம வயதில் புகழ்பெற்ற ரிக் நெல்சன் நீண்ட தலைமுடியோடு வந்து, தன் பழைய பாட்டுகளோடு புதியவற்றையும் பாடினார். கூட்டத்திலிருந்து எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. அவர் மேடையை விட்டு இறங்கிப் போனார். அந்த அனுபவத்தையே பாட்டாக்கி அடுத்த வருஷம் வெளியிட, அது பெரும் வெற்றி பெற்றது. புதியதைக் கொண்டுவந்தவரை வரவேற்க அன்று அரங்கில் போதிய ஆள் இல்லை. பட்டியலை மாற்ற வேண்டும் என்பவர்கள் எப்போதுமே கூட்டத்தில் ஒரு பகுதியினர்தான். மற்றவர்கள் தங்கள் இளமையைத் திரும்பக் கேட்க வந்தவர்கள். இரண்டு பேரும் ஒரே விலை கொடுத்துத்தான் உள்ளே வருகிறார்கள்.

பட்டியல் இறுகிப்போவதற்குக் கலைஞரின் சோம்பல் மட்டும் காரணமில்லை. பெரிய மேடையில் இன்றைக்கு விளக்கு, திரைப்படக் காட்சி, ஒலி எல்லாம் முன்கூட்டியே கணினியில் கோர்க்கப்படுகின்றன. ஒரு பாட்டை நடுவில் மாற்றினால் ஐம்பது பேரின் வேலை குலையும். ஐம்பது அறுபது வாத்தியக்காரர் இருக்கும் குழுவில் ஒவ்வொரு புதுப் பாட்டுக்கும் இசைக்குறிப்பு எழுத வேண்டும், ஒத்திகை பார்க்க வேண்டும், ஒத்திகை நாளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். குரலும் மூப்படைகிறது. முப்பது வயதில் எட்டிய உச்சஸ்தாயியை எழுபதில் எட்ட முடியாதபோது, சுருதியை இறக்கிப் பாடிப் பழகிய சில பாட்டுகளே பாதுகாப்பானவை ஆகின்றன. இத்தனையும் நியாயமான காரணங்கள். ஆனாலும் முழு இரவையும் பூட்டிவைக்க இவை போதுமா என்றால், போதாது.

தமிழ்ச் சூழலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சரியான ஆள் இளையராஜா. 1976இல் 'அன்னக்கிளி'யோடு தொடங்கினார். 2016இல் வந்த 'தாரை தப்பட்டை' அவருடைய ஆயிரமாவது படம் என்று அறிவிக்கப்பட்டது. படத்துக்கு நாலு பாட்டு என்று குறைத்தே வைத்தாலும் நாலாயிரம் பாட்டு. மூன்று நாலு மணி நேர மேடையில் முப்பது பாட்டுக்கு மேல் அதிகம் கொள்ளாது. அப்படியென்றால் எந்த இரவிலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மேடைக்கு வர முடியும். மீதியெல்லாம் ரசிகர்களின் மனதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் 'அதைப் பாடவில்லையே' என்று ஒவ்வொருவரும் வேறு வேறு பாட்டைச் சொல்வது இதனால்தான்.

பட்டியல் ஒருமுறை வெளிக்காரணத்தால் உடைந்தபோது என்ன நடந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. 2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் தன் ஐம்பது வருஷப் பாட்டு வாழ்க்கையைக் கொண்டாட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். அனுமதி இல்லாமல் தன் பாட்டுகளைப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து சட்ட அறிவித்தல் வந்தது. பாலசுப்ரமணியம் அதை முகநூலில் பகிரங்கமாகச் சொன்னார். சட்டம் அப்படியென்றால் மதிக்க வேண்டும், மற்ற இசையமைப்பாளர்களுக்கும் நிறையப் பாடியிருக்கிறேன், அவற்றைப் பாடுவோம் என்பதே அவர் நிலைப்பாடு. உரிமைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். ஆனால் அந்த அறிவித்தலால் ஒரு பெரிய பாடகர் தன் பட்டியலை வேறு பக்கத்திலிருந்து எழுத வேண்டிவந்தது. எம்.எஸ். விசுவநாதன், கே.வி. மகாதேவன், சங்கர்–கணேஷ், வி. குமார் என்று எத்தனை பேருக்கு அவர் பாடியிருக்கிறார் என்பதைப் பலர் அப்போதுதான் மறுபடி நினைத்துப் பார்த்தார்கள். 2019 ஜூன் 2ஆம் திகதி சென்னையில் நடந்த இளையராஜாவின் பிறந்தநாள் நிகழ்ச்சியில் இருவரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். அடுத்த வருஷம் செப்டெம்பர் 25இல் பாலசுப்ரமணியம் காலமானார்.

அதே 2017இல் ஜூலை 8ஆம் திகதி லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஏ.ஆர். ரஹ்மான் தன் இருபத்தைந்து வருஷ இசையைக் கொண்டாடினார். நிகழ்ச்சியின் பெயரே 'நேற்று இன்று நாளை'. தமிழ்ப் பாட்டு அதிகம் என்று இந்தி ரசிகர்கள் சிலர் நடுவில் எழுந்து போனார்கள். பணத்தைத் திருப்பித் தரும்படியும் சமூக வலைத்தளங்களில் கேட்டார்கள். 1992இல் 'ரோஜா' தமிழில் வந்த பிறகுதான் ரஹ்மானின் பெயர் இந்திக்குப் போனது என்பதைக் கோபப்பட்டவர்கள் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தன் பாட்டு ஒலிக்கும் என்று நினைத்து வந்தவருக்கு மற்றவரின் பாட்டு இடைஞ்சலாகத் தெரிகிறது. ஒரு பட்டியல் யாரைக் கூட்டத்தின் நடுவில் உட்கார வைக்கிறது, யாரை ஓரத்துக்குத் தள்ளுகிறது என்பதைக் கலைஞர் தீர்மானித்தே ஆக வேண்டும். இந்த விஷயத்தின் கூர்மையான முனை இதுதான். மலையகத்துக்கு வரும்போது இது இன்னும் உறைக்கும்.

மஸ்கெலியாவிலிருந்து கொழும்பில் ஓர் இசை நிகழ்ச்சிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் ஹட்டனுக்கு பஸ் பிடிக்க வேண்டும். அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ பல மணி நேரப் பயணம். நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் திரும்பி வர வழி இருக்காது. இரவு எங்காவது தங்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. டிக்கெட், போக்குவரத்து, சாப்பாடு, இழந்த நாட்சம்பளம் எல்லாம் சேர்த்தால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு ஒரே மாலையில் போய்விடும். அமெரிக்க ரசிகர் பத்து ஊருக்குப் பின்தொடர்ந்து போய் 'நேற்றுப் பாடியதையே இன்றும் பாடுகிறார்கள்' என்று குறைப்பட முடியும். வாழ்நாளில் ஒருமுறை போகிறவருக்கு இரவுக்கு இரவு பட்டியல் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன?

இப்படிக் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஒருமுறை வருகிறவருக்குப் பேர்பெற்ற பாட்டுகளைக் கொடுத்து அனுப்பினால் போதும் என்பது ஏற்பாட்டாளர்களின் நெடுநாள் வாதமும்கூட. அந்த வாதம் மலையக ரசிகரின் காதைக் குறைவாக மதிப்பிடுகிறது. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போன 1960களின் கடைசியில், லயங்களில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தால் அது அந்த வரிசைக்கே பொதுப் பெட்டி. இலங்கை வானொலியின் காலை 'பொங்கும் பூம்புனல்', விருப்பப் பாடல் கேட்டு எழுதிப்போடும் 'நேயர் விருப்பம்' இரண்டும் தமிழ்நாட்டிலும் கேட்கப்பட்ட நிகழ்ச்சிகள். படம் ஓடாமல் போனாலும் பாட்டு ஒலித்தது. தியேட்டரில் ஒரு கிழமைகூட நிற்காத படத்தின் பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் இன்றைக்கும் மலையகத்தில் இருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் அந்தப் பெட்டி. தபாலட்டையில் பெயரும் ஊரும் எழுதி, வாரக்கணக்காகக் காத்திருந்து, தன் பாட்டைத் தானே தேர்ந்தெடுத்துக் கேட்ட தலைமுறை அது. அவர்களுக்கு முன்னால் இருபது பாட்டை வைத்து 'இதுதான் உங்களுக்குப் பிடித்தது' என்று சொல்வது பொருந்தாது.

இலங்கையின் சொந்தத் தமிழ்ப் பொப்பிசைக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். ஏ.ஈ. மனோகரன் என்றால் 'சுராங்கனி'. சிங்களமும் தமிழும் கலந்த அந்தப் பாட்டு கடல் கடந்து போய், 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் ஏறியது. மனோகரன் பல பாட்டுகள் பாடியவர், நடித்தவர். 2018 ஜனவரியில் அவர் சென்னையில் காலமானபோது அஞ்சலிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு பாட்டைச் சுற்றியே நின்றன. மேடையும் வானொலியும் ஒரு பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டதன் விளைவு இது. இந்த வகையில் பழியின் ஒரு பங்கு ரசிகர்களுக்கும் உண்டு.

கர்நாடக இசைக் கச்சேரியிலும் இந்த இழுபறி இருக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக்கொடுத்த கச்சேரி வரிசை இன்றும் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. வர்ணத்தில் தொடங்கிக் கடைசியில் துக்கடா. வரிசை நிலையானது, ஆனால் ராகம் அன்றைக்கு எது என்பது பாடகரின் விருப்பம். கடைசிப் பகுதியில் முன்வரிசையிலிருந்து வரும் சீட்டுக்கும் இடம் இருக்கும். சட்டம் அசையாமல் இருக்க, உள்ளே இருப்பது அசைகிறது.

மலையகத்துக்கு இந்த அறிவு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்து அதைத்தான் வருஷா வருஷம் செய்து காட்டுகிறது. மாசிப் பிறை தெரிந்ததும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். ரதியும் மன்மதனும் வேடமிட்டுத் தப்பு முழங்க லயம் லயமாக வருவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் கடைசி இரவில் எரிவான், மூன்றாம் நாள் எழுவான். இந்தக் கதையின் முடிவு தெரியாத குழந்தைகூடத் தோட்டத்தில் இல்லை. பட்டியல் என்று பார்த்தால் இதைவிட இறுக்கமான பட்டியல் உலகத்தில் எங்கும் கிடையாது.

ஆனால் விடியும்வரை கூட்டம் கலைவதில்லை. தூதன் வருகிறபோதும் வீரபத்திரன் வருகிறபோதும் தப்பின் அடி மாறும். கிழவர்கள் கண்ணை மூடிக்கொண்டே யார் வருகிறார் என்று சொல்வார்கள். கூத்து மாஸ்டர் எந்த இடத்தில் பாட்டை நீட்டுகிறார், எந்த இடத்தில் சுருக்குகிறார், இந்த வருஷத்து ரதியின் ஒப்பாரி போன வருஷத்து ரதியை மிஞ்சுமா, வேடிக்கைப் பாத்திரம் தோட்டத்து நடப்பை எப்படி இழுத்துவந்து சேர்க்கிறது என்பவற்றில்தான் கூட்டத்தின் கவனம். வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் நுட்பமான விமர்சகர்கள். அவர்கள் மாற்றத்தைக் கேட்பதும் உண்டு, மாற்றம் எல்லை மீறினால் அதட்டுவதும் உண்டு.

இதே காமன் பண்டிகையோடு தஞ்சாவூர்ப் பக்கத்தில் சேர்ந்திருக்கும் லாவணி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு பக்கம் எரிந்த கட்சி, இன்னொரு பக்கம் எரியாத கட்சி. மன்மதன் எரிந்தானா இல்லையா என்பதை டேப் என்ற தோல்வாத்தியத்தை அடித்துப் பாட்டிலேயே வாதாடுவார்கள். எதிர்க்கட்சி என்ன கேள்வி போடும் என்று தெரியாமல் யாரும் முழுப் பட்டியலோடு மேடைக்கு வர முடியாது. தெரிந்த கதைக்குள் தெரியாத இரவை உண்டாக்கும் வித்தை நம் ஆட்களிடம் இருந்தது, இருக்கிறது. ரொக் குழுக்கள் இன்று பெரும் செலவில் கண்டுபிடிக்கிற ஒன்றை, தேயிலைக் காட்டுக்கு ஆள்கட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள் மூட்டையோடு மூட்டையாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட தோட்டங்களின் திருவிழா மேடையில் இப்போது என்ன நடக்கிறது? மொக்காவோ பிரவுன்லோவோ, எந்தத் தோட்டமானாலும் கோயில் கமிட்டி வீட்டுக்கு வீடு சந்தா சேர்த்து, கடைசி இரவுக்கு இசைக்குழு பிடிக்கிறது. பக்திப் பாட்டில் தொடங்கும். பிறகு அந்த வருஷத்துக் குத்துப்பாட்டு, நடுவில் எண்பதுகளின் இரண்டு மெல்லிசை, கடைசியில் மறுபடியும் குத்துப்பாட்டு. குழு மாறினாலும் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. இளைஞர்கள் ஆடுகிறார்கள், அது நல்லதே. ஆனால் மலையகத்தின் சொந்தப் பாட்டு ஒன்றுகூட அந்த மேடையில் ஏறாமல் ஓர் இரவு முழுவதும் போய்விடுகிறது. காசு கொடுத்தவரின் பாட்டே பட்டியலில் இல்லை.

பாட்டு இல்லாமல் இல்லை. கோ. நடேசய்யர் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் கட்டிய 1930களில், அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். 1940இல் அவர் வெளியிட்ட 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகம், சனங்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டுகளில் தோட்டத் தொழிலாளியின் நிலைமையை ஏற்றியது. தெரிந்த மெட்டு, தெரியாத சொல். அரசியல் மேடையில் அதைவிடச் சிறந்த பட்டியல் மாற்றம் மலையகத்தில் நடந்ததில்லை. பிறகு சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதிய நாட்டார் பாட்டுகள் 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக வந்தன. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து பறிக்கும்போது பாடியது, கங்காணியைக் குத்திக் காட்டியது எல்லாம் அதில் இருக்கின்றன. நூலில் இருப்பவை மேடைக்கு வரவில்லை.

மேடைக்கு வந்தால் எடுபடுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2021 மார்ச்சில் பதில் கிடைத்தது. சந்தோஷ் நாராயணன், தீ, அறிவு மூவரின் 'எஞ்ஜாய் எஞ்சாமி' கோடிக்கணக்கான பேரை எட்டியது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர். அவர் வாழ்க்கையும் அவர் பேச்சும்தான் அந்தப் பாட்டின் வேர். ஒப்பாரியின் சாயலும் தோட்டத்து நினைவும் சேர்ந்த ஒரு பாட்டுக்கு உலகம் முழுவதும் இளைஞர்கள் ஆடினார்கள். அந்தத் தோட்டங்கள் இருக்கிற நாட்டில், திருவிழா மேடைக்காரர் ஒருவர் 'ஒப்பாரி எல்லாம் சனம் கேட்காது' என்று இனிச் சொல்ல முடியாது.

மெட்டாலிக்கா மாதிரி பட்டியலை முழுக்க மாற்றும்படி எந்த ஊர்க் குழுவையும் யாரும் வற்புறுத்தத் தேவையில்லை. அவர்களுக்கு அவ்வளவு ஒத்திகை நேரமும் இல்லை, பணமும் இல்லை. முப்பது பாட்டில் இருபத்தைந்து வழக்கம்போலவே இருக்கட்டும். ஐந்து இடத்தை மட்டும் திறந்துவிட்டால் போதும். அதில் இரண்டு அந்தத் தோட்டத்துப் பெரியவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கிற பழைய பாட்டு. இரண்டு வேலுப்பிள்ளையின் நூலிலிருந்தோ அந்தத் தோட்டத்து ஆச்சியின் வாயிலிருந்தோ எடுத்த மலையகப் பாட்டு. ஒன்று குழுவின் இளைஞர்கள் தாங்களே எழுதியது. தப்படிக்கிறவர்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். மின்சாரக் கிட்டாருக்குப் பக்கத்தில் அவர்களை நிறுத்த ஒரு ஒலிவாங்கி போதும்.

ஆகவே, வரும் திருவிழாவுக்கு இசைக்குழுவோடு பேசப் போகிற கோயில் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். முற்பணத்தைக் கையில் கொடுக்கும் அன்றே, இந்த ஐந்து பாட்டையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். குழுவுக்குப் பழக ஒரு மாதமாவது வேண்டும்.